ஓப்பநாயக்க உலமாவின் கணக்குப் புத்தகம்

கணக்கை ஒரு கோழியில் தொடங்கலாம். இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில் இராத்திரியில் நாட்டுக்கோழி ஒன்று காணாமல் போனால், காலையில் பிரட்டுக் களத்துக்குப் போய்ச் சேருமுன்பே குற்றவாளி யாரென்று லயத்தில் முடிவாகிவிடும். முந்தின இரவு மேட்டுக் காட்டில் ஏதோ ஒன்று நீட்டி அலறியிருக்கும். உலமா என்கிற பேய்ப் பறவைதான் கொண்டு போயிருக்கும் என்பார்கள்.

கோழியின் எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை வழியாக முடிவான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் மிச்சம் 1,242. முட்டையிடுகிற கோழியை மீண்டும் வாங்கப் போனால் அந்தக் காசு அப்படியே கரைந்துபோகும். அந்த நாட்சம்பளத்துக்கான ஒரு பேர் விழுவதற்கு எடுக்க வேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று எடுத்துக்கொண்டால், நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்கிற ஸ்டோர்க் கணக்கின்படி, காணாமல் போன கோழி 4 கிலோ தேயிலைக்குச் சமம். மழை நாளில் கொழுந்துக் கூடை கனக்கும், தராசில் தண்ணீருக்கென்று கிலோவைக் கழிப்பார்கள். ஆகையால் கோழிக்காக ஆந்தையைத் திட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. திட்டுக்கு உரிய ஆள் அதுதானா என்பதில் மட்டும் சந்தேகம் உண்டு.

கோழி போன இடத்தைப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். கூட்டுக்குள் புகுந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வேறு இரண்டின் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தால் மரநாய், அல்லது காட்டுப்பூனை. பகலில் குஞ்சு குறைந்தால் கீரி, பருந்து. அடைத்த கூடு அடைத்தபடியே இருக்க முட்டை மட்டும் போனால் பாம்பு. ஆந்தைக்குக் கூட்டுக் கதவு திறக்கத் தெரியாது; பலகை இடுக்கில் நுழைய அதன் உடம்பும் இடம் கொடுக்காது. அதனால் எடுக்க முடிந்தது, கூடு அடையாமல் பலாக் கிளையிலோ கூரை விளிம்பிலோ இராத்தங்கும் கோழியை மட்டும்தான். அப்படி எடுத்திருந்தால் கிளைக்கு நேர் கீழே ஒரு கைப்பிடி இறகு கிடக்கும். தரையில் இழுத்த தடம் இருக்காது, இரத்தமும் அவ்வளவாக இருக்காது. பக்கத்துக் காம்பிராவில் படுத்திருந்தவர்களுக்குக் கோழியின் ஒற்றைக் கத்தலைத் தவிர வேறு சத்தம் கேட்டிருக்காது. ஆந்தைச் சிறகின் முன் விளிம்பில் சீப்புப் பல்லைப் போல் நுண்ணிய வெட்டுகள் இருக்கின்றன. பின் விளிம்பு பஞ்சு நூலாகப் பிரிந்திருக்கும். மேற்பரப்பில் வெல்வெட்டுப் போன்ற மென்மயிர். காற்று கிழிபடும் சத்தத்தை இந்த மூன்றும் சேர்ந்து அடக்கிவிடுகின்றன.

ஆளை அடையாளம் காண்பதற்கு முதலில் அளவுகளைப் பார்ப்போம். இலங்கையில் நிரந்தரமாக வாழும் ஆந்தை இனங்கள் 11. எப்போதாவது வந்து தலைகாட்டும் குட்டைக்காது ஆந்தையையும் சேர்த்தால் 12. இவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று மீன் ஆந்தை: நீளம் 48 முதல் 61 சென்ரிமீற்றர், எடை 1.1 முதல் 2.5 கிலோ. மற்றது பெரிய காட்டு ஆந்தை, விலங்கியல் பெயர் பியூபோ நிபாலென்சிஸ்: 51 முதல் 65 சென்ரிமீற்றர், எடை பெரும்பாலும் 1.3க்கும் 1.7 கிலோவுக்கும் இடையில். கொழுந்துக் கூடையைத் தரையில் நிறுத்திவைத்தால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும். இதே இனத்து இமயமலைப் பறவையின் சிறகு, மணிக்கட்டிலிருந்து நுனிவரை, 42 முதல் 47 சென்ரிமீற்றர். இலங்கைப் பறவையினது 37 முதல் 41. உருவத்தில் நம்முடையது சற்றுச் சிறியது, அவ்வளவுதான்.

ஓப்பநாயக்கவில் இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் இருப்பதற்குக் காலைப் பார்க்க வேண்டும். மீன் ஆந்தையின் கால் மயிரில்லாத வெறுங்கால்; தண்ணீரில் இறங்கிப் பிடிக்கிற தொழிலுக்கு நனைகிற மயிர் உதவாது. காட்டு ஆந்தைக்கு விரல்வரை இறகு மூடியிருக்கும். கண்ணும் வேறு: மீன் ஆந்தைக்கு மஞ்சள், இதற்குக் கரும்பழுப்பு. வெண்மையான வயிற்றில் கறுப்புப் பிறை பிறையாக, புள்ளி அடுக்கியது போன்ற கோலம். தலையின் இரு பக்கமும் கொம்பு போன்ற இறகுக் கொத்து நேரே நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வுதான் அதன் முகத்துக்குக் கடுகடுப்பைக் கொடுக்கிறது. பெல்மதுளைப் பக்கம் ஆற்றோரக் கல்லில் மாலை வேளையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மீன் ஆந்தை. அதை உலமா என்று கல்லால் அடிப்பது நண்டையும் தவளையையும் தின்கிற பிராணிக்குக் கோழித் திருட்டுக் குற்றம் சுமத்துவதாகும்.

மீன் ஆந்தை ஐரோப்பியப் புத்தகத்தில் ஏறியதும் இலங்கையிலிருந்துதான். 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேரே என்கிற ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரையச் செய்தார். இலண்டனில் 1776இல் பீட்டர் பிரௌன் வெளியிட்ட படப் புத்தகத்தில் இலங்கையின் காதுள்ள ஆந்தை இடம்பெற்றது. அதைப் பார்த்து 1788இல் கிமெலின் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் பின்பாதியில் இலங்கை நிலைத்துவிட்டது.

இனித் தீனிச் செலவு. கூண்டில் வளரும் பெரிய ஆந்தைகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் தீனி போடுவது வழக்கம். ஒன்றரைக் கிலோ பறவைக்கு அது 75 முதல் 150 கிராம். ஆண்டுக்கு 27 முதல் 55 கிலோ. நடுவில் 40 கிலோ என்று எடுப்போம். இலங்கைப் பறவை சிறியது என்பதால் இது கொஞ்சம் தாராளமான மதிப்பீடுதான். 40 கிலோவும் கோழியே என்று ஆந்தைக்கு எதிரான வாதத்தை முழுதாக ஒப்புக்கொண்டால்கூட ஆண்டுக்கு 33 கோழி. அதையே 150 கிராம் எலியாக மாற்றினால் 266 எலி. அரைக் கிலோ பெருச்சாளி என்றால் 80.

உண்மையான தட்டு இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் காட்டின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். காட்டுக்கோழி அதன் விருப்ப உணவு. இலங்கைக் காட்டுக்கோழிச் சேவலின் எடை 790 முதல் 1,140 கிராம், பெட்டை 510 முதல் 645. தேசியப் பறவை என்பதால் முத்திரையில் அழகாக இருக்கிறது. ஆந்தைக்கு அது கிளையில் தூங்குகிற சாப்பாடு. முயல், மரநாய்க் குட்டி, பறக்கும் அணில், உடும்பு, பாம்பு எல்லாம் பட்டியலில் உண்டு. மயில் இருக்கும் இடத்தில் மயிலையும் அடிக்கும். தன்னைவிட எடை கூடிய சருகுமானையும், பிற நாடுகளில் கேளையாட்டின் குட்டியையும் கொன்றிருப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன. செத்துக் கிடப்பதையும் தின்னும். 65 சென்ரிமீற்றர் பறவையின் சாப்பாட்டு மேசையில் இத்தனை கனமான இரை ஏறுவது ஆந்தைக் குலத்தில் எல்லோருக்கும் வாய்த்ததில்லை.

கோழிக் கேள்விக்கும் எலிக் கேள்விக்கும் பதில் மரத்தடியில் கிடக்கும். இறகு, மயிர், எலும்பு, நகம், இவை ஆந்தையின் வயிற்றில் செரிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு உருண்டையாகச் சுருட்டி வாயால் கக்கிவிடும். பகலில் தூங்குகிற அடர்ந்த மரத்தின் கீழே இந்த உருண்டைகள் சேரும். காய்ந்த ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் முதலில் சாம்பல் நிற மயிர் கழன்று வரும். பிறகு தீக்குச்சி அளவு எலும்புகள். கடைசியில் கீழ்த் தாடை. முன்பக்கம் உளி போன்ற ஆரஞ்சு நிறப் பல் வளைந்திருந்தால் எலி வகை. அலகும் இறகுத் தண்டும் வந்தால் பறவை. லயத்துக் கோழியின் பேரில் வழக்குத் தொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய சாட்சி இந்த உருண்டைதான். என்ன, இரத்தினபுரி மாவட்டத்து மழையில் அது இரண்டு நாள் தாங்காது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேல்.

எலிக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டேயருக்கு ஒன்று என்று மரப்பெட்டி நட்டு, எலி பிடிக்கக் கூகை வளர்க்கிறார்கள். அது வேறு இனம், வெண்முகக் கூகை. ஒரு தடவைக்கு 4 முதல் 7 முட்டை இடும், பெட்டியைக் கண்டதும் குடியேறும். காட்டு ஆந்தையைப் பெட்டி வைத்து அழைக்க முடியாது. ஆனால் எலி மருந்துக் கட்டியின் கெடுதி இரண்டுக்கும் ஒன்றுதான். இரத்தம் உறையவிடாமல் கொல்லும் புதிய வகை மருந்துகள் எலியின் ஈரலில் தங்கும். தள்ளாடும் எலி முதலில் பிடிபடும். தின்ற ஆந்தையின் ஈரலுக்கும் அது ஏறும். நூறு கிராம் மருந்தில் மிச்சம் பிடித்த காசை ஆந்தையின் கணக்கில் எழுதுகிறோம்.

சத்தத்துக்கு வருவோம். பயம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

காட்டு ஆந்தைக்கு இரண்டு குரல். ஒன்று ஆழ்ந்த ஊங்காரம்: ஒரு தடவை, ஏறக்குறைய இரண்டு விநாடி இடைவெளி, மறுபடி ஒரு தடவை. காதில் விழுவதைவிட நெஞ்சில் இடிப்பது போல இருக்கும். மற்றது ஏறி இறங்கி நீளும் அலறல்; பிள்ளையின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள் என்று கேட்கிறவர் நினைப்பார். றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் காம்பிராவைவிட்டு இறங்குவதால் இந்தக் குரலில் அவர்கள் பங்கு அதிகம். லயத்தில் பிள்ளைகள் முழித்துக்கொண்டால் பாட்டிமார் சொல்வது ஒரே வார்த்தை: “பேசாமப் படு, காதப் பொத்து.” சிங்களக் கிராமங்களில் இதற்கொரு கதை உண்டு. மனைவிமேல் சந்தேகப்பட்ட கணவன் பிள்ளையைக் கொன்று கறியாக்கிக் கொடுக்கிறான். சட்டியில் சின்ன விரல் ஒன்று வருகிறது. தாய் தலையில் அடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையாகிறாள். தமிழ்ப் பக்கத்தில் கதையைவிட எண்ணிக்கை அதிகம்: ஆந்தை எத்தனை தரம் அலறினால் என்ன பலன் என்று வரிசையாகச் சொல்லும் பழம்பாட்டு தமிழகத்திலிருந்து கப்பலேறி இங்கேயும் வந்திருக்கிறது. நம்மவர்கள் பயத்தையும் கணக்கெழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கணக்கு என்றால் வள்ளுவரையும் விடக்கூடாது. 481ஆம் குறளில் கூகையைக் காக்கை வெல்வது பகல் நேரத்துக் கணக்கு. ஓப்பநாயக்கவிலும் பகலில் ஆந்தையைக் காட்டிக்கொடுப்பது அதைச் சூழ்ந்து கத்துகிற காக்கைக் கூட்டம்தான்.

உலமா எந்தப் பறவை என்கிற வழக்கு நூற்றாண்டுகளாக நடக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில், இரவில் நாய் குரைப்பது போலக் கேட்கும் பேயின் குரலைப் பற்றி எழுதினார். 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட், 1859இல் தன் நூலில் பேய்ப் பறவைக்கு இடம் ஒதுக்கி, பழுப்பு நிறக் காட்டு ஆந்தை ஒன்றின் மேல் பழியைப் போட்டார். சிவில் சேவையிலிருந்த மிற்ஃபோர்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தான் கேட்ட குரல் ஆந்தையினது இல்லை என்று வாதிட்டார். பிறகு வந்தவர்கள் பக்கிக்குருவி, கொண்டைக் கழுகு, தேன் பருந்து என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சேர்த்தார்கள். குற்றப் பத்திரிகையில் ஐந்து பறவைகளுக்குக் குறையாது. இன்று பறவையியலாளர்கள் பலரும் முதல் சந்தேக நபராக நிறுத்துவது பெரிய காட்டு ஆந்தையை. என் கணிப்பு: ஒரே பறவை என்று தேடுவதுதான் வழக்கைக் கெடுத்தது. இருட்டில் கேட்ட எல்லா அலறலையும் ஒரே பெயரில் எழுதி வைத்திருக்கிறோம். கொண்டைக் கழுகின் குஞ்சு கத்தியதும் அதில் இருக்கும், இந்த ஆந்தை கத்தியதும் இருக்கும்.

இந்த ஆந்தை அறிவியல் பதிவில் ஏறியது தோட்டக்காரர் ஒருவர் மூலம் என்பது நமக்குச் சம்பந்தமுள்ள விசயம். இனத்துக்குப் பெயர் வைத்தவர் நேபாளத்தில் இருந்த ஹொட்ஜ்சன், 1836இல். இலங்கையில் இருப்பது தனிப் பிரிவு என்று 1878இல் பிரித்துக் காட்டியவர் பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக். அவர் அந்தப் பிரிவுக்கு வைத்த பெயர் ‘பிளைகி’. பிளைக் என்பவர் கோப்பித் தோட்டத் தொரை, பறவை சேகரிப்பவர். 1868இல் மலைநாட்டு ஓடைகளில் வாழும் சீழ்க்கைப் பூங்குருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதற்கு 1872இல் ஹோல்ட்ஸ்வேர்த் பெயரிட்டபோதும் பிளைக்கின் பெயர்தான். ஒரே கோப்பித் தொரையின் பெயர் இரண்டு காட்டுப் பறவைகளின் வாலில் தொங்குகிறது. காட்டை அழித்துக் கோப்பி நட்டவர்களுக்கு அந்தக் காட்டில் இருப்பவற்றை அருகில் பார்க்கும் வாய்ப்பும் இருந்தது. உச்சக் காலமான 1870களில் கோப்பி நின்ற நிலம் 1,11,000 ஹெக்டேயருக்கு மேல். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை முடித்துவைத்தது.

ஓப்பநாயக்க இதற்குப் பிந்திய அத்தியாயத்தில் வருகிறது. 1876இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு அனுப்பிய றப்பர் கன்றுகள் 1,919. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில் பாதை, தண்டவாள இடைவெளி 762 மில்லிமீற்றர், இரத்தினபுரிக்கு 1912இல் எட்டி, கடைசி நிலையமான ஓப்பநாயக்கவுக்கு வந்து சேர்ந்தது 1919இல். எண்பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு அந்த 1919 ஒரு விருந்து. எனக்கு அது பக்கத்துக் காடு எப்போது தோட்டமாகக் கட்டுபடியாகத் தொடங்கியது என்பதற்கான திகதி. பெட்டியில் அடைத்த றப்பர் சீற்றும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வழி கிடைத்தபின், மலைச்சரிவில் நிற்கிற மரத்தைவிட வெட்டிய மரத்தின் இடம் விலை கூடியது. ஓப்பநாயக்கவுக்கு வந்த பாதை 1976இல் மூடப்பட்டது. காடு திரும்பவில்லை.

நாடு முழுவதற்குமான எண்ணிக்கை இது: 1956இல் நிலப்பரப்பில் 44 சதவீதம் காடு, 2010இல் 29.7. இரண்டு அளவையும் ஒரே முறையில் எடுக்கவில்லை. இரண்டாவதில் அடர்த்தி குறைந்த காடும் அடங்கும். இருந்தாலும் கழித்துப் பார்த்தால், 65,610 சதுர கிலோமீற்றர் நாட்டில், குறைந்தது ஏறத்தாழ 9,400 சதுர கிலோமீற்றர். இரத்தினபுரி மாவட்டத்தின் பரப்பு 3,275. இதுபோன்ற மூன்று மாவட்டத்துக்குச் சற்றுக் குறைவான காடு அரை நூற்றாண்டில் செலவெழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் ஆந்தையின் கணக்கில் ஹெக்டேயர் பெரிய எண் இல்லை. பெரிய எண் பொந்து.

பெரிய காட்டு ஆந்தை கூடு கட்டுவதில்லை. பெருமரத்தின் பொந்து, கைவிட்டுப் போன கழுகுக் கூடு, பாறைக் குகை, இந்த மூன்றில் ஒன்றில் குடியேறும். இந்தியாவில் டிசெம்பர் முதல் மார்ச் வரை. இலங்கையில் ஏப்ரல், மே. சித்திரை வருஷப் பிறப்புக்கு லயங்களில் பட்டாசு கொளுத்துகிற நாட்களில், மேலே காட்டில் ஒரு தாய் அடைகாத்துக்கொண்டிருக்கக் கூடும். முட்டை ஒன்று. ஒரே ஒன்று. வெள்ளை நிறம், உருண்டை வாகு, நீளம் சுமார் 6.1 சென்ரிமீற்றர், அகலம் 5. அந்தக் காலத்தில் பக்கத்தில் போகிறவரின் முகத்தைக் குறிவைத்துப் பாயும்; பொந்து பார்க்கப் போகிற விடலைப் பையன்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

60 சென்ரிமீற்றர் பறவை புகுந்து, திரும்பி, குஞ்சோடு இருக்கக்கூடிய பொந்து எந்த மரத்தில் விழும்? ஹொர போன்ற காட்டு மரம் கிழடாகி, கிளை முறிந்து, அந்தப் புண்ணில் பூஞ்சணம் ஏறி, உள்வயிரம் பல பத்தாண்டுகளாக அழுகி விழுந்தால் கிடைக்கும். இப்போது றப்பர் மலையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேயரில் சுமார் 500 மரம். நட்டு ஆறேழு வருஷத்தில் பால் வெட்டத் தொடங்குவார்கள். 25, 30 வருஷத்தில் பால் வற்றிவிடும்; பிடுங்கி விறகுக்கும் பலகைக்கும் விற்றுவிட்டு மறுபடி கன்று நடுவார்கள். ஒரு நூற்றாண்டில் மூன்று, நான்கு சுற்று. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மரம் அந்த ஒரு ஹெக்டேயரில் பிறந்து செத்திருக்கும். ஒன்றுகூடப் பொந்து விழும் வயதைக் கண்டிருக்காது. தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் அல்பீசியா வேகமாகத் தடிக்கும்; ஆனால் காற்றுக்கு முறிகிற மரம் என்று பயந்து முதலில் வெட்டுவதும் அதைத்தான். ஆக, இரை தேடத் தோட்டம் உதவும், ஏனென்றால் எலியும் பெருச்சாளியும் அங்கேதான் செழிக்கின்றன. குடியிருக்க உதவாது. தோட்டத்து எல்லையில், ஓடைக் கரையில், பாறையை ஒட்டி, டிராக்டர் ஏற முடியாததால் தப்பி நிற்கிற நாலைந்து கிழட்டு மரங்களில்தான் இந்தப் பறவையின் முழு முதலீடும் இருக்கிறது. அதில் ஒன்று சாய்ந்தால் தோட்டக் கணக்கில் இத்தனை கன அடி பலகை என்று வரவு வைப்பார்கள்.

ஒரு முட்டை என்பதன் விலையைப் பெருக்கிப் பார்க்கலாம். வீட்டெலி ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி போடும், கர்ப்பம் மூன்று வாரம். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 50 முட்டை இடும். இந்த ஆந்தைச் சோடி வருஷம் தவறாமல் இட்டாலும் பத்து வருஷத்தில் பத்து முட்டை. கீரி, மரநாய், பெருமழை, பட்டினி என்று பாதி போனால் ஐந்து குஞ்சு. அந்த ஐந்தில் இரண்டு பிழைத்துத் தங்களுக்கென்று இடமும் பொந்தும் பிடித்தால்தான் தாய் தகப்பன் இடம் நிரம்பும். ஒரு பெண் ஆந்தை மின்கம்பியில் பட்டோ, மருந்து எலியைத் தின்றோ, கல்லடி பட்டோ செத்தால், அந்த இடைவெளியை நிரப்பப் பத்தாண்டுக் கணக்கு தேவை. கோழிக்கு 4 கிலோ தேயிலை விலை சொன்னோம். இதற்குச் சொல்ல விலைப் பட்டியல் இல்லை. சட்டத்தில் இருக்கிறது: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009 திருத்தமும் இதைப் பாதுகாக்கின்றன. ஆந்தை இனங்களில் ஒரு சில தவிர மற்றவையெல்லாம் அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. அப்படியிருந்தும் இந்தியாவில் 2010இல் காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டின் 30 ஆந்தை இனங்களில் 15 மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் விற்பனையாவதைப் பதிவு செய்தது. இங்கே கோடங்கி கேட்பது பெரும்பாலும் சேவல். அந்த மட்டில் ஆந்தை தப்பியது.

சப்ரகமுவவில் வெட்டுக் கணக்கைப் பாதியில் நிறுத்திய இடம் ஒன்று உண்டு. சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக 1970களின் தொடக்கத்தில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1977இல் நின்றது. 1988இல் அந்த வனம் உலக மரபுரிமையானது. அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் இலங்கையில் வாழ்ந்த சுவிஸ்காரர் திலோ ஹொஃப்மன். 1995இல் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொடவின் காதில் அதுவரை கேளாத ஒரு சின்ன ஊங்காரம் விழுந்தது. ஆளைக் காணவில்லை. ஆறு வருஷம் கழித்து, 2001 ஜனவரி 23 அன்று, சிங்கராஜவில் அதைக் கண்டார். 16.5 சென்ரிமீற்றர் நீளம். பெரிய காட்டு ஆந்தையின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 2004இல் அதற்கு ஹொஃப்மன் பெயரே சூட்டப்பட்டது. இலங்கையில் அறிவியலுக்குப் புதிதாக ஒரு பறவை கிடைத்தது, 1868இல் பிளைக்கின் பூங்குருவிக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

அந்தச் சிறிய ஆந்தையின் குரலுக்கு உடம்பு கிடைக்க ஆறு வருஷம் பிடித்தது. ரெனன்ட் எழுதிய 1859இலிருந்து எண்ணினால் உலமா வழக்குக்கு ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வித்தியாசம் ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. சின்ன ஆந்தையைத் தேடியவர்கள் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு ஆளைத் தேடினார்கள். இன்று லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது. பால் வெட்டப் போகிற நாலரை மணி இருட்டில், அலறல் கேட்டதும் காதைப் பொத்துகிற கையால் பதிவுப் பொத்தானை அமுக்கி, திகதி, நேரம், எந்த மலை, எந்த ஓடை என்று வாயாலேயே சொல்லி முடித்தால் ஒரு நிமிஷம் ஆகாது. செலவு: ஒரு ரூபாவுக்கும் குறைவான டேட்டா, அதுவும் அனுப்பினால்.